1856 தட்டோடும் ஒரு சதுரமும்: கையால் வர்க்கமூலம் காண முழு வழிகாட்டி

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி பழைய காலத்துத் தளம், சுருக்கி (செங்கல் தூள் கலவை) போட்டு மேலே சிவப்புத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதித்தது. வெயில் இறங்கியதும் தண்ணீர் தெளித்துவிட்டு அங்கேதான் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் எட்டாவது படிக்கும் ஒரு பெண், வர்க்கமூலக் கணக்கை ஒரு தப்பும் இல்லாமல் போட்டு முடித்துவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "யக்கா, விடை வந்துடுச்சு. ஆனா இந்த எடத்துல எதுக்குக்கா ரெண்டால பெருக்குறோம்?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் போடத் தெரிந்தவர்கள் நிறைய பேர், ஆனால் அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அது தெரியாததால்தான் பரீட்சை முடிந்த மூன்றாவது மாதம் முறையே மறந்துபோகிறது. தெரிந்துவிட்டால் மறந்தாலும் கவலையில்லை, ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நீங்களே திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். அவளுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அடியிலிருந்து.

முதலில் கையில் இருக்க வேண்டியது

ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். 7 × 7 = 49. அதைத் திருப்பிக் கேட்டால் வர்க்கமூலம், 49இன் வர்க்கமூலம் 7. சதுரத்தின் பரப்பளவு தெரியும், பக்கம் எவ்வளவு? இவ்வளவுதான் கேள்வி. இந்தச் சதுரத்தை மனதிலிருந்து விடவே விடாதீர்கள்.

1 முதல் 9 வரை வர்க்கங்கள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81. இருபது வரை தெரிந்தால் இன்னும் நல்லது. இந்த ஒன்பதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடைசி இலக்கம் 2, 3, 7, 8 எதிலும் இல்லை, இல்லையா? அதனால் 2, 3, 7, 8இல் முடிகிற முழு எண் எதுவும் முழு வர்க்கமாக இருக்கவே முடியாது, தசமத்தில்தான் போய் நிற்கும். திருப்பிச் சொல்ல முடியாது, கவனம். 6இல் முடிவதால் மட்டும் ஒரு எண் முழு வர்க்கமாகிவிடாது.

பகா காரணி முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 1764ஐ உடைத்தால் 2 × 2 × 3 × 3 × 7 × 7. ஜோடிக்கு ஒன்று எடுத்தால் 2 × 3 × 7 = 42. அழகான முறை, ஆனால் முழு வர்க்கமாக இருந்தால்தான் வேலை முடியும். 1856ஐ உடைத்தால் ஆறு 2 வரும், கூடவே ஜோடி இல்லாமல் ஒரு 29 நிற்கும். 8 × √29 என்று எழுதலாம், அப்புறம் √29க்கு எங்கே போவது? எந்த எண்ணுக்கும் செல்லுபடியாகிற முறை வேண்டும். அதற்குத்தான் தட்டோடு.

இரண்டிரண்டாகப் பிரிப்பது

எண்ணை வலது பக்கத்திலிருந்து இரண்டு இரண்டு இலக்கமாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். 1856 என்றால் 18 | 56. 529 என்றால் 5 | 29, தனியாக நிற்கிற 5ஐயும் ஒரு ஜோடியாகவே எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை ஜோடியோ, விடையின் முழு எண் பகுதியில் அத்தனை இலக்கம்.

ஏன் இரண்டு? ஓரிலக்க எண்களின் வர்க்கம் 1 முதல் 81 வரை, அதாவது ஒன்று அல்லது இரண்டு இலக்கம். ஈரிலக்க எண்களுக்கு 100 முதல் 9801 வரை, மூன்று அல்லது நான்கு. விடையில் ஒரு இலக்கம் கூடினால் வர்க்கத்தில் இரண்டு இலக்கத்துக்கு இடம் திறக்கிறது. இடது பக்கத்திலிருந்து பிரித்தால் 529இல் 52 | 9 என்று ஆகி, முதல் இலக்கமே 7 என்று வந்து எல்லாம் கெட்டுவிடும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இப்போது ஓடு பதிக்கலாம்

1856 என்ற எண்ணை நான் காரணத்தோடுதான் எடுத்தேன். எங்கள் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த வருஷம் அது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. சரி, உங்களிடம் 1856 தட்டோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு சதுர ஓடு. எதையும் உடைக்காமல் எவ்வளவு பெரிய சதுரமாகப் பதிக்கலாம்?

முதல் வேலை, பெரிய துண்டாக ஒன்றைப் பதித்துவிடுவது. 40க்கு 40 பதித்தால் 1600 ஓடு. 50க்கு 50 என்றால் 2500, அவ்வளவு நம்மிடம் இல்லை. ஆக பக்கம் நாற்பது சொச்சம். பதித்த 1600 போக மீதி 256.

இந்த மீதியை வைத்துச் சதுரத்தைப் பெரிதாக்க வேண்டும். அன்று அந்தப் பெண்ணிடம் சாக்பீஸைக் கொடுத்து, மாடித் தரையில் 4க்கு 4 ஓட்டைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். "இப்ப இதை அஞ்சுக்கு அஞ்சு ஆக்கு." வலது பக்கம் 4 ஓட்டில் குறி போட்டாள். பார்த்தாள், சதுரம் செவ்வகமாகி நின்றது. உடனே கீழ்ப்பக்கமும் 4 ஓட்டில் குறி போட்டாள். அப்போதும் மூலையில் ஒரே ஒரு ஓடு குறியில்லாமல் நின்றது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இது மட்டும் எந்தப் பக்கத்துலயும் சேரலையேக்கா" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். சதுரம் சதுரமாகவே வளர வேண்டுமானால் இரண்டு பக்கத்திலும் சேர்த்தாக வேண்டும். இரண்டால் பெருக்குவது அதற்குத்தான். அந்த மூலை ஓடு தனிக் கணக்கு.

பெரிய சதுரத்துக்கு வருவோம். ஒரு வரிசை சேர்க்க வலது பக்கம் 40, கீழே 40, மொத்தம் 80 ஓடு. மீதி 256இல் 80 மூன்று தடவை போகும். மூன்று வரிசை சேர்த்தால் வலது பக்கம் 120, கீழே 120, மூலையில் 3க்கு 3 என்று 9. கூட்டினால் 249. கையில் 256 இருக்கிறது, போதும். சதுரம் 43க்கு 43 ஆகிவிட்டது, மீதி 7 ஓடு.

அடுத்த வரிசை சேர்க்க முடியுமா? 43 + 43 + 1 = 87 ஓடு வேண்டும், இருப்பது 7. முடியாது. ஆக 1856இன் வர்க்கமூலம் 43க்குக் கொஞ்சம் மேலே. இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. எந்தக் கட்டத்திலும் மீதி, அதுவரை வந்த விடையின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்னொரு வரிசைக்கு ஓடு இருந்தும் நீங்கள் போடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதையே தாளில் எழுதும்போது

18 | 56 என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஜோடி 18. அதற்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 16, அதன் மூலம் 4. மேலே விடையில் 4. 18 − 16 = 2. அடுத்த ஜோடி 56ஐ இறக்கினால் 256. (1856இலிருந்து 1600 போன அதே மீதி.)

விடையில் இருக்கும் 4ஐ இரட்டித்தால் 8. அதை இடது பக்கம் எழுதி, பக்கத்தில் ஒரு இலக்கத்துக்கு இடம் விடுங்கள், 8_ என்று. அந்த இடத்தில் ஒரு இலக்கத்தைப் போட்டு, வரும் முழு எண்ணையும் அதே இலக்கத்தால் பெருக்க வேண்டும், 256ஐத் தாண்டக் கூடாது. 83 × 3 = 249. 84 × 4 = 336, தாண்டிவிட்டது. ஆக 3. விடையில் 4க்குப் பக்கத்தில் 3, மீதி 7.

ஒரே இலக்கத்தைப் பக்கத்திலும் போட்டு, அதாலேயே பெருக்குவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? 83 × 3 என்பது 80 × 3 + 3 × 3. முன்னது இரண்டு பக்கத்து வரிசைகள், பின்னது மூலை. பள்ளியில் மனப்பாடம் செய்கிற a² + 2ab + b² இதேதான். a² முதலில் பதித்த பெரிய சதுரம், 2ab இரண்டு பட்டைகள், b² மூலை. பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் காண்பதும் இந்தப் படம்தான், எண்ணுக்குப் பதில் xஆல் ஓடு பதிக்கிறோம், அவ்வளவே.

அந்த இலக்கத்தை எப்படி யூகிப்பது? 256இன் கடைசி இலக்கத்தை மறைத்துவிட்டு 25ஐ 8ஆல் வகுங்கள், 3. பெரும்பாலும் சரியாக வரும். சில நேரம் ஒன்றிரண்டு அதிகமாகக் காட்டும், ஏனென்றால் இந்த யூகத்தில் மூலை ஓடு சேரவில்லை. 784ஐப் போட்டுப் பாருங்கள்: 7 | 84, முதல் இலக்கம் 2, மீதி 3, இறக்கினால் 384. இரட்டித்தால் 4. 38ஐ 4ஆல் வகுத்தால் 9 என்று தோன்றும், ஆனால் 49 × 9 = 441, அதிகம். ஒன்று குறைத்து 48 × 8 = 384, மீதியே இல்லை. விடை 28. யூகம் தாண்டிவிட்டால் பதற வேண்டாம், அடங்கும் வரை ஒவ்வொன்றாக இறங்கினால் போதும்.

மீதி 7 ஓட்டை உடைக்கலாம்

இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன்.

7 ஓடு மீந்தது. தசமம் வேண்டுமென்றால் ஓட்டை உடைக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் பக்கத்துக்குப் பத்தாக வெட்டினால் ஒரு ஓட்டிலிருந்து 100 குட்டி ஓடு கிடைக்கும். 7 ஓட்டுக்கு 700. தாளில் இரண்டு பூஜ்யத்தை ஜோடியாக இறக்குவது இதற்குத்தான். சாதாரண வகுத்தலில் ஒரு பூஜ்யம் இறக்கிப் பழகியவர்கள் இங்கேயும் ஒன்றே இறக்கிவிடுவார்கள், அது தப்பு.

இப்போது சதுரத்தின் பக்கம் குட்டி ஓட்டுக் கணக்கில் 430. ஒரு குட்டி வரிசை சேர்க்க 430 + 430 + 1 = 861 வேண்டும். இருப்பது 700. ஒரு வரிசை கூட வராது! அதனால் விடையில் 43க்குப் பிறகு புள்ளி வைத்து 0 எழுத வேண்டும். தாளில் பார்த்தால் 43இன் இரட்டிப்பு 86, 86_ என்ற இடத்தில் 1 போட்டாலே 861, ஆக 0. இந்த 0வை எழுதாமல் விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனால் விடை 43.8 என்று வரும். 43.8 × 43.8 = 1918.44, எங்கேயோ போய்விட்டது.

0 எழுதியதும் இன்னொரு ஜோடி பூஜ்யம் இறக்குங்கள், 70000. இதுவரை வந்த விடையைப் புள்ளியை மறந்துவிட்டு 430 என்று எடுத்து இரட்டித்தால் 860. 860_ இல் 8 போட்டால் 8608 × 8 = 68864. மீதி 1136. விடை 43.08. இன்னும் வேண்டுமா? 113600 இறக்குங்கள், 4308இன் இரட்டிப்பு 8616, 86161 × 1 = 86161, மீதி 27439. விடை 43.081. எத்தனை இலக்கம் வேண்டுமோ அத்தனை தடவை இதையே செய்துகொண்டு போகலாம், புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

தசம எண்ணே கொடுத்திருந்தால்

புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் ஜோடி பிரிக்க வேண்டும். இடது பக்கம் வலமிருந்து இடமாக, புள்ளிக்குப் பிறகு இடமிருந்து வலமாக. கடைசியில் ஒற்றையாக நின்றால் பூஜ்யம் சேர்த்து ஜோடியாக்குங்கள். 0.9 என்றால் 0.90. இதற்கு 0.3 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள், 0.3 × 0.3 = 0.09 அல்லவா? 90க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 81, ஆக முதல் இலக்கம் 9. தொடர்ந்து போட்டால் 0.948. ஒன்றுக்குக் கீழே இருக்கும் எண்ணின் வர்க்கமூலம் அந்த எண்ணை விடப் பெரிதாக வரும், பயப்படாதீர்கள், அது சரிதான். அதே போல 2.5க்கு விடை 0.5 இல்லை, 1.58.

கேரம் போர்டும் சராசரி முறையும்

எப்போதும் நீள் வகுத்தல் போட வேண்டியதில்லை. இரண்டு தசமம் போதும், அவசரம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது.

எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு இருக்கும். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போய் 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா எங்கள் வடசென்னைப் பெண்தான். போட்டிப் போர்டின் ஆடுகளம் 74 செ.மீ.க்கு 74 செ.மீ. மூலைக்கு மூலை எவ்வளவு? மூலைக்கு மூலை நீளத்தின் வர்க்கம் இரண்டு பக்க வர்க்கங்களின் கூட்டு; 74 × 74 = 5476, இரண்டு மடங்கு 10952. அதன் வர்க்கமூலம் வேண்டும்.

ஏதாவது ஒரு எண்ணை யூகியுங்கள், 105 என்று வைத்துக்கொள்வோம். 10952ஐ 105ஆல் வகுத்தால் 104.305. உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் 105க்கு 104.305 என்பது கிட்டத்தட்ட சதுரமான ஒரு செவ்வகம், பரப்பளவு நமக்கு வேண்டிய அதே பரப்பளவு. ஆக இரண்டையும் கூட்டிப் பாதி எடுங்கள், 104.652. ஒரே படியில் மூன்று தசமம் வரை சரி! அப்படியே 100 என்று மோசமாக யூகித்திருந்தாலும் 109.52 வந்து, சராசரி 104.76 என்று ஒரே தாவலில் பக்கத்தில் வந்துவிடும், இன்னொரு தடவை செய்தால் சரியாகிவிடும். சராசரி எப்போதும் உண்மை விடையை விட ஒரு துளி மேலேயே நிற்கும், கீழே இறங்காது.

இன்னும் குறுக்கு வழி வேண்டுமா? மீதியை விடையின் இரு மடங்கால் வகுத்துவிடுங்கள். 1856க்கு மீதி 7, 43இன் இரு மடங்கு 86. 7 ÷ 86 = 0.0814. நாம் பாடுபட்டுக் கண்டது 43.081, இது 43.0814. மூலை ஓட்டை மறந்த கணக்கு என்பதால் ஒரு பொடி அதிகம், அவ்வளவே. கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டரும் வர்க்கமூலத்துக்கு இந்த இரு மடங்கால் வகுப்பதைத்தான் சொல்கிறார். அவருக்கும் முன்னால், 3,600 ஆண்டுகளுக்கும் மேல் பழையதான ஒரு பாபிலோனியக் களிமண் வில்லையில், சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் √2இன் மதிப்பை ஐந்து தசமம் வரை சரியாகக் கீறி வைத்திருக்கிறார்கள். சுத்தியல் உளி போல இதுவும் கைமாறிக் கைமாறி வந்த சாமான்.

கொத்தனார் கணக்கு ஒன்று

என் அப்பா கொத்தனார். அறைக்கு மூலைமட்டம் பார்க்க ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடித்து 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். 9 + 16 = 25, வர்க்கமூலம் 5. ஆனால் அறையையே மூலைக்கு மூலை அளக்க வேண்டுமென்றால் 3, 4, 5 எப்போதும் கிடைக்காது.

தமிழில் வழங்கும் ஒரு சூத்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, மற்ற பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைக்கு மூலை நீளம். 4க்கும் 3க்கும் 3.5 + 1.5 = 5, சரி. 12க்கும் 5க்கும் 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. வர்க்கமூலமே வேண்டாம் என்று இதைப் பரப்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 10க்கு 10 அடி அறையில் போட்டுப் பாருங்கள். 8.75 + 5 = 13.75 அடி. உண்மையில் √200, அதாவது 14.14 அடி. கிட்டத்தட்ட ஐந்து அங்குலம் வித்தியாசம், அதை நம்பி மூலைமட்டம் பிடித்தால் அறை கோணிக்கொண்டு நிற்கும். மனக்கணக்காக ஓர் அளவு தெரிந்துகொள்ள நல்ல சூத்திரம், வர்க்கமூலத்துக்கு மாற்று இல்லை. 12க்கு 10 அடி அறைக்கு 144 + 100 = 244. 15 × 15 = 225, மீதி 19, இரு மடங்கு 30, ஆக 15.6 சொச்சம். நீள் வகுத்தலில் 15.62 வரும், பதினைந்து அடி ஏழரை அங்குலம் என்று டேப்பில் பார்க்கலாம்.

பழக ஒரு கணக்கு

ஆறு இலக்கம் போட்டுப் பழக உங்கள் பின்கோடே போதும். ராயபுரம் 600013.

60 | 00 | 13. அறுபதுக்குள் 49, ஆக 7, மீதி 11. 1100 இறக்கம், இரட்டித்தால் 14, 147 × 7 = 1029, மீதி 71. 7113 இறக்கம், 77இன் இரட்டிப்பு 154, 1544 × 4 = 6176, மீதி 937. முழு எண் 774. இங்கே நிறுத்திச் சரிபாருங்கள்: 774 × 774 = 599076, அதோடு 937 கூட்டினால் 600013. விடையின் வர்க்கத்தோடு மீதியைச் சேர்த்தால் எடுத்த எண் வர வேண்டும், பரீட்சையில் கடைசி ஐந்து நிமிஷத்தில் இதை மட்டும் செய்தாலே நிறைய மதிப்பெண் தப்பிக்கும். புள்ளி வைத்து 93700 இறக்கினால் 15486 × 6 = 92916, மீதி 784. அடுத்து 78400, 7746இன் இரட்டிப்பு 15492, 154921 கூட அடங்காது, ஆக 0. அப்புறம் 7840000, 1549205 × 5 = 7746025. விடை 774.605.

சென்னையின் எந்தப் பின்கோட்டைப் போட்டாலும் முழு எண் 774தான் வரும், எல்லாம் 600இல் தொடங்கி, 775இன் வர்க்கமான 600625க்குக் கீழே இருப்பதால். புள்ளிக்குப் பின்னால்தான் ஊர் மாறும். பழைய வண்ணாரப்பேட்டை 600021க்கு 774.61, வியாசர்பாடி 600039க்கு 774.62, தண்டையார்பேட்டை 600081க்கு 774.64 என்று வருகிறதா பாருங்கள். பெரம்பூர்க்காரர்கள் 600011ஐப் போடும்போது இரண்டாவது தசமத்தில் கொஞ்சம் நின்று போடுங்கள், அங்கேயும் ஒரு 0 உட்கார்ந்திருக்கிறது.